டியூப்லெஸ்ஸுக்கு மாறலாமா? முதலில் உங்கள் பஞ்சர் எந்த வகை என்று பாருங்கள்

மவுண்டன் பைக்கில் அடிக்கடி பஞ்சர் ஆகிறது என்று ஒருவர் சொன்னால், கூட ஓட்டுபவர்கள் தயங்காமல் சொல்வது ‘டியூப்லெஸ் போட்டுவிடு’ என்பதுதான், அதாவது உள்ளே டியூப் வைக்காமல் டயரிலேயே காற்றை அடைத்து வைக்கும் முறை. பெரும்பாலும் அது நல்ல யோசனையே, நானும் அந்தப் பக்கம்தான். ஆனால் எல்லோருக்கும் எல்லாச் சைக்கிளுக்கும் அது சரியாக வந்துவிடாது. டியூப்லெஸ் பஞ்சரை அடியோடு ஒழிப்பதில்லை. பாதையின் நடுவில் உட்கார்ந்து செய்ய வேண்டிய வேலையில் பெரும்பகுதியை எடுத்து, வீட்டில் நிதானமாகச் செய்யும் வேலையாக மாற்றுகிறது. அந்த மாற்றம் உங்களுக்கு லாபமா, நஷ்டமா? இதற்கு விடை சொல்லும் முதல் சாட்சி, நீங்கள் கழற்றிப் போட்ட பழைய டியூப்.

டியூபைக் கழற்றியதும் ஒட்டுப் போட்டு மடித்து வைத்துவிடாதீர்கள். கொஞ்சம் காற்றடித்து ஓட்டை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அருகருகே இணையாக இரண்டு சின்னக் கீறல்கள் இருந்தால் அது நசுங்கல் பஞ்சர். பாம்புக்கடி என்றே அதைச் சொல்வார்கள். சக்கரம் வேகமாகப் போய்க் கல்லிலோ வேரிலோ மோதும்போது டயர் ரிம் வரைக்கும் அமுங்குகிறது. நடுவில் அகப்பட்ட டியூப் ரிம்மின் ஓரத்துக்கும் கல்லுக்கும் இடையில் நசுங்கிக் கிழிகிறது. டயரை எவ்வளவு தடவிப் பார்த்தாலும் முள்ளும் இருக்காது, ஆணியும் இருக்காது. காற்று குறைவாக இருந்தது, அவ்வளவுதான்.

தரையைத் தொடும் பக்கத்தில் ஒரே ஒரு ஊசித்துளை என்றால் முள், கண்ணாடித் துண்டு, கம்பி, இவற்றில் ஏதோ ஒன்று. வெயில் காயும் வறண்ட நிலங்களில் நெருஞ்சிதான் சைக்கிள்காரர்களின் பெரிய எதிரி. அதன் காய் சிதறி எப்படி விழுந்தாலும் ஒரு முள்ளாவது மேலே பார்த்து நிற்கும். இந்த வகைப் பஞ்சரில் டயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவி, குத்தியதை வெளியே எடுக்காமல் புது டியூப் போட்டால் அதுவும் சற்று நேரத்தில் போய்விடும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப ஓட்டை விழுகிறதென்றால் முள் இன்னும் டயரிலேயே உட்கார்ந்திருக்கிறது என்று பொருள்.

ஓட்டை ரிம் பக்கத்தில் இருந்தால் கதை வேறு. ரிம்மின் உள்பக்கம் ஸ்போக் துளைகளை மூடும் ரிம் டேப் விலகி, துளையின் ஓரம் டியூபை அறுத்திருக்கும். நல்ல டேப் ஒன்று சுற்றினால் தீர்ந்தது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால், காற்று குறைந்த டயர் ரிம்மில் நழுவி டியூபையும் சேர்த்து இழுத்திருக்கலாம், அல்லது பம்ப் அடிக்கும்போது வால்வை அதிகம் ஆட்டியிருக்கலாம். இந்த இரண்டுக்காக மட்டும் டியூப்லெஸ்ஸுக்குப் போவது வீண் செலவு. நசுங்கலும் முள்ளும்தான் டியூப்லெஸ் நன்றாகக் கையாளும் இரண்டு வகைகள்.

டியூப்லெஸ் உள்ளே என்ன நடக்கிறது

மோட்டார் பைக்கிலும் காரிலும் டியூப்லெஸ் டயரைப் பார்த்துப் பழகியவர்கள் சைக்கிளிலும் அதே போலத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அடிப்படை ஒன்றுதான்: டயரின் விளிம்பு ரிம்மில் இறுக்கமாகப் பொருந்தி, அதுவே காற்றை அடைத்து வைக்கிறது. ஆனால் வண்டி டயரின் ரப்பர் தடிமன், ஆணி குத்தினால் ஆணியைச் சுற்றி இறுகப் பிடித்துக்கொள்ளும், காற்று மெதுவாகத்தான் இறங்கும். சைக்கிள் டயரோ மெல்லியது, அதனால் பிடித்துக்கொள்ளாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் உள்ளே சீலன்ட் ஊற்றுகிறோம். பெரும்பாலும் ரப்பர் பால் அடிப்படையிலான திரவம், அதில் நுண்ணிய நார்களோ துகள்களோ கலந்திருக்கும். ஓட்டை விழுந்ததும் வெளியேறும் காற்றோடு சீலன்டும் பாய்ந்து வந்து, துளையில் துகள் சிக்கி, பால் உறைந்து அடைத்துவிடுகிறது.

1999-இல் மாவிக் நிறுவனம் யூஎஸ்டி என்ற முறையைக் கொண்டுவந்தபோது சீலன்டே தேவைப்படவில்லை. ரிம்மின் உள்தளத்தில் ஸ்போக் துளைகள் கிடையாது, டயரின் உள்சுவரும் காற்றுப் புகாத ரப்பர். நன்றாகத்தான் வேலை செய்தது, ஆனால் டயர்கள் கனம். இன்று ‘டியூப்லெஸ் ரெடி’ என்று விற்கப்படுபவை வேறு வழியில் போகின்றன. டயர் லேசு, ஆனால் தானாகக் காற்றுப் பிடிக்காது, ஸ்போக் துளைகளை டேப் மூடும், மிச்சத்தைச் சீலன்ட் பார்த்துக்கொள்ளும். அதாவது இப்போதைய முறையில் சீலன்ட் ஒரு கூடுதல் பாதுகாப்பு இல்லை, அது இல்லாமல் டயரே நிற்காது. டியூப்லெஸ்ஸின் நல்லது கெட்டது எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் கிளம்புகிறது.

முள் குத்தினால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரம் சுற்றுகிற தாளத்திலேயே ‘ஸ்ஸ், ஸ்ஸ்’ என்று ஒரு சத்தம் வரும், காலில் வெள்ளைத் துளிகள் தெறிக்கும். நிறுத்திப் பார்த்தால் டயர் கட்டைகளுக்கு நடுவே பால் குமிழி கொப்பளித்துக்கொண்டிருக்கும். சக்கரத்தைத் திருப்பி ஓட்டை அடியில் வருமாறு வைத்தால் சீலன்ட் அங்கே வந்து தேங்கும். குமிழி சிறுக்கும், அப்புறம் நின்றுவிடும். கொஞ்சம் காற்று ஏற்றிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். பல சமயம் இதுகூடத் தெரியாது. வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் டயரில் காய்ந்த வெள்ளைப் புள்ளி கண்ணில் படும்.

நசுங்கல் பஞ்சரில் லாபம் இன்னும் நேரடியானது. நசுங்க டியூபே இல்லை. பலமாக அடித்தால் டயரின் பக்கச்சுவரே ரிம்மில் அறுபடவும் ரிம் சொட்டையாகவும் வாய்ப்பு உண்டு. ஆனால் டியூப் கிழிகிற அளவு சாதாரண மோதலில் அது நடக்காது.

எனக்கு இதைவிடப் பெரிய லாபமாகப் படுவது காற்றின் அளவு. டியூப் போட்ட சக்கரத்தில் நசுங்கலுக்குப் பயந்து காற்றை ஏற்றி வைக்கிறோம். 2.3, 2.4 அங்குல டயரில் நடுத்தர எடையுள்ளவர் 30 பிஎஸ்ஐ (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) பக்கம் வைத்தால், அதே ஆள் டியூப்லெஸ்ஸில் 20 முதல் 25 வரை இறக்கலாம். அந்தச் சில பிஎஸ்ஐ என்ன செய்துவிடும் என்று தோன்றும். ஈரமான வேர் மேல் ஏறும்போது தெரியும். டயர் கல்லின் வடிவத்துக்கு வளைந்து பிடிக்கிறது, துள்ளித் தள்ளுவதில்லை. ஜல்லிச் சரிவில் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டு போகாமல் நாம் திருப்பும் பக்கம் திரும்புகிறது. மேடு ஏறும்போது பின்சக்கரம் வெறுமனே சுற்றுவது குறைகிறது. மணிக்கட்டுக்கும் முதுகுக்கும் வரும் அதிர்வும் குறைகிறது. பஞ்சருக்காக மாறியவர்கள் திரும்பிப் போகாததற்கு இந்தப் பிடிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எடை குறையும் என்றும் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 29 அங்குலச் சக்கரத்தின் சாதாரண டியூப் 200 கிராம் அளவில் இருக்கும். அதை எடுத்துவிட்டு 100 மில்லி சீலன்ட், டேப், வால்வ் என்று போட்டால் ஒரு சக்கரத்துக்கு 80 கிராம் மிஞ்சலாம். எடைக்காக மட்டும் மாறுவதென்றால் அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

கேட்கும் விலை

விலை என்று நான் சொல்வது பணம் மட்டுமில்லை. முதலில் டயரை ரிம்மில் உட்கார வைக்க வேண்டும். பொருத்தமான டயரும் ரிம்மும் அமைந்தால் சாதாரணத் தரைப் பம்பிலேயே ‘டப், டப்’ என்று விளிம்பு போய் உட்கார்ந்துவிடும், அந்தச் சத்தம் கேட்கவே நிம்மதியாக இருக்கும். அமையாவிட்டால் எவ்வளவு அடித்தாலும் காற்று ஓரத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். வால்வின் உள்முனையைக் கழற்றிவிட்டு அடித்தால் காற்று வேகமாகப் போகும், அது உதவும். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் வழுக்கி ஏறும். அதற்கும் மசியாவிட்டால் கம்ப்ரசரோ, காற்றைச் சேர்த்து வைத்து மொத்தமாக விடும் தொட்டி வைத்த பம்போ வேண்டும். இன்னொரு வழி: முதலில் டியூப் போட்டு நன்றாகக் காற்றேற்றி ஒரு இரவு வைத்துவிட்டு, மறுநாள் ஒரு பக்க விளிம்பை மட்டும் விலக்கி டியூபை உருவிவிடுவது. மறுபக்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பதால் வேலை பாதியாகிவிடும். எப்படிச் செய்தாலும் டயரிலும் ரிம்மிலும் எழுதியிருக்கும் உச்ச அழுத்தத்தில் எது குறைவோ அதைத் தாண்டக் கூடாது. டயர் ரிம்மை விட்டு வெடித்துக் கழன்றால் விரலும் காதும் பாதிக்கப்படும்.

அடுத்தது பராமரிப்பு. சீலன்ட் காய்ந்துபோகும். இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதம் வரை தாங்கும், வெப்பமும் வறட்சியும் கூடக்கூட அந்தக் கணக்கு இரண்டின் பக்கம் நெருங்கும். சைக்கிளை ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் காயும். அதனால்தான் எப்போதாவது எடுத்து ஓட்டுகிறவர்களுக்கு நான் டியூப்லெஸ்ஸைச் சிபாரிசு செய்வதில்லை. அரை வருடம் சுவரில் சாய்ந்து கிடந்த டியூப் சக்கரத்துக்குக் காற்றடித்தால் கிளம்பிவிடலாம். டியூப்லெஸ்ஸோ தட்டையாகிக் கிடக்கும், உள்ளே ரப்பர் தோல் ஒட்டியிருக்கும், விளிம்பு கழன்றிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். வால்வுக்குள்ளும் சீலன்ட் உறைந்து அடைத்துக்கொள்ளும், அதையும் அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். ஒழுங்காக இருக்கும் டயரே வாரத்துக்குக் கொஞ்சம் காற்றை விடும். ஓட்டப் போகும் முன் அழுத்தம் பார்ப்பது பழக்கமாக வேண்டும்.

பாதையில் டியூப்லெஸ் தோற்கும் இடங்களும் உண்டு. காற்றை ரொம்ப இறக்கி வைத்துவிட்டு வளைவில் பலமாகச் சாய்த்தாலோ கல்லில் பக்கவாட்டில் இடித்தாலோ, விளிம்பு ஒரு கணம் ரிம்மை விட்டு விலகிக் காற்றைக் கக்கிவிடும். டயரின் பக்கச்சுவர் கூரான கல்லில் கிழிந்தால் சீலன்ட் அடைப்பது அரிது. அங்கே ரப்பர் மெலிசு, ஓடும்போது வளைந்து நெளிந்துகொண்டே இருக்கும், உறைந்த அடைப்பு நிற்காது. நடுப்பகுதியில்கூட 2, 3 மில்லிமீட்டர் துளையை நான் நம்பிக்கையோடு விட்டுவிடுவேன், அதற்கு மேல் போனால் ரப்பர் திரியைக் குத்தி அடைப்பதுதான் நல்லது. அந்தத் திரி செருகும் சின்னக் கருவி கட்டாயம் பையில் இருக்க வேண்டும். சக்கரத்தைக் கழற்ற வேண்டாம், ஒரு நிமிட வேலை.

திரிக்கும் அடங்காத கிழிசல் என்றால் டியூப் போட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும். ஆமாம், டியூப்லெஸ் ஓட்டுபவரும் ஒரு டியூப் வைத்திருக்க வேண்டும். அதைப் போடும் முன் ரிம்மிலிருக்கும் டியூப்லெஸ் வால்வைக் கழற்ற வேண்டும், அதன் மரையைக் கையால் திருப்பும் அளவுக்கே இறுக்கி வையுங்கள். டயருக்குள் கையெல்லாம் பிசுபிசுக்கும். முக்கியமாக, இத்தனை நாள் சத்தமில்லாமல் அடைபட்டுக் கிடந்த முட்கள் எல்லாம் டயரின் உள்ளே முனை நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்காமல் டியூப் போட்டால் அங்கேயே மறுபடியும் பஞ்சர்.

டியூபை வைத்துக்கொண்டே செய்யக்கூடியவை

செலவே இல்லாதது காற்றைச் சரியாக வைப்பது. நசுங்கல் பஞ்சர் மட்டுமே வருகிறவர் அழுத்தமானி ஒன்று வாங்கி, கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டு, பின்சக்கரத்தில் 3, 4 பிஎஸ்ஐ கூட்டிப் பார்க்கட்டும். பிடிப்பு கொஞ்சம் குறையும், ஆனால் பலருக்குப் பிரச்சினை அதோடு முடிந்துவிடும். டயர் தேய்ந்து மெலிந்திருந்தால் முள் எளிதாக இறங்கும். அப்படியானால் மாற்ற வேண்டியது டயரை. அகலமான டயர் சைக்கிள் சட்டத்துக்குள் இடம் கொள்ளுமானால் அதுவும் நசுங்கலைக் குறைக்கும்.

முள் மட்டுமே தொல்லை என்றால் டியூபுக்குள் சீலன்ட் ஊற்றலாம். வால்வின் உள்முனை கழலும் டியூபாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சின்ன முள் துளைகளை நன்றாகவே அடைக்கும். பாம்புக்கடிக் கீறல்களை அடைக்காது, டியூப்லெஸ் போலக் காற்றழுத்தத்தைக் குறைத்து ஓட்டவும் முடியாது. ஆனால் ரிம் மாற்ற வேண்டாம், டேப் வேண்டாம், விளிம்போடு மல்லுக்கட்ட வேண்டாம். நெருஞ்சி நிறைந்த மண்பாதையில், வேகமாக இறங்காமல் சாதாரணமாக ஓட்டுகிறவருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து. டியூப்லெஸ் பற்றிப் பேசும்போது இந்த வழியை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

தடித்த டியூப்கள் வேலை செய்யும், ஆனால் சக்கரத்தின் ஓரத்தில் சேரும் கனம் மேடேறும்போது காலில் தெரியும். டயருக்கும் டியூபுக்கும் நடுவே வைக்கும் பிளாஸ்டிக் பட்டை முள்ளை நிறுத்தும், நசுங்கலை நிறுத்தாது. பட்டையின் முனை டியூபில் உராய்ந்து அதுவே ஓட்டை போடுவதும் உண்டு.

டிபியு என்ற பிளாஸ்டிக்கில் வரும் மெல்லிய டியூப்களைத்தான் மேலே சொல்லவந்தேன். மவுண்டன் பைக்குக்கான ஒன்று 50 முதல் 90 கிராம் வரைதான் இருக்கும், மடித்தால் உள்ளங்கையில் அடங்கும். எடை குறைப்பதில் டியூப்லெஸ்ஸைவிட இதுதான் மேல். ஆனால் பஞ்சர் தடுப்பில் அற்புதம் எதுவும் செய்யாது. ஒட்டுவதற்குத் தனி ஒட்டு வேண்டும், டயருக்கு வெளியே வைத்து அதிகம் ஊதினால் விரிந்தபடியே நின்றுவிடும். டியூப்லெஸ் ஓட்டுபவர் பையில் வைத்துக்கொள்ளும் அவசர டியூபாக இதைவிட நல்லது இல்லை.

காற்றே இல்லாத திட டயர்களை மலைப்பாதைக்கு யோசிக்கவே வேண்டாம். பஞ்சர் ஆகாதுதான், பிடிப்பும் இருக்காது.

சரி, யார் எதைத் தேர்ந்தெடுப்பது

வாரம் ஒரு முறையாவது கல்லும் வேரும் உள்ள பாதையில் ஓட்டுகிறீர்கள், கழற்றிய டியூப்களில் பாம்புக்கடியும் முள் துளையும் மாறி மாறி இருக்கின்றன, ரிம் டியூப்லெஸ் ரெடி என்றால் யோசிக்கவே வேண்டாம், மாறிவிடுங்கள். இப்போது வரும் பல நடுத்தரச் சைக்கிள்களில் ரிம்மும் டயரும் அதற்குத் தயாராகவே இருக்கும், உள்ளே டியூப் மட்டும் போட்டு அனுப்பியிருப்பார்கள். டேப், வால்வ், சீலன்ட் வாங்கினால் போதும். டயரின் பக்கச்சுவரில் எழுதியிருக்கும், ரிம்முக்குத் தயாரிப்பாளரின் பட்டியலைப் பாருங்கள்.

பழைய ரிம் என்றால் நிதானியுங்கள். டியூப்லெஸ் ரிம்மில் டயர் விளிம்பு உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேடு இருக்கும், விளிம்பு உள்ளே நழுவாமல் அதுதான் பிடிக்கிறது. அது இல்லாத ரிம்மில் டேப்பை அடுக்கடுக்காகச் சுற்றியோ, பழைய டியூபை நீளவாக்கில் வெட்டி விரித்தோ டியூப்லெஸ் ஆக்குகிறவர்கள் இருக்கிறார்கள். சிலருக்கு நன்றாகவே ஓடுகிறது. ஆனால் விளிம்பு எப்போது விலகும் என்று சொல்ல முடியாத சக்கரத்தில் ஏறி வேகமாகச் சரிவில் இறங்க நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கம்பி விளிம்பு வைத்த சாதாரண மலிவு டயர்களும் பெரும்பாலும் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டயரும் சக்கரமும் புதிதாக வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், டியூப் சீலன்டோடு இப்போதைக்கு ஓட்டிவிட்டு, அடுத்த சைக்கிளில் மாறுவது புத்திசாலித்தனம்.

மாதத்தில் ஒரு நாள் எடுத்து ஓட்டுகிறவர், தார்ச்சாலையும் நல்ல மண்பாதையும் மட்டும் ஓட்டுகிறவர், கையில் சீலன்ட் படுவதே பிடிக்காதவர், இவர்களுக்கெல்லாம் டியூப்தான் சரி. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. டியூப் மாற்றத் தெரிந்த கைக்கு அது சில நிமிட வேலை, அளவு பொருந்தும் எந்த டியூபும் உதவும், எங்கேயும் கிடைக்கும்.

முழுதாக மாற மனமில்லையா, பின்சக்கரத்தை மட்டும் முதலில் மாற்றிப் பாருங்கள். உடல் எடையில் பெரும்பகுதி பின்னால்தான் இறங்குகிறது, நசுங்கல் பஞ்சர் அங்கேதான் அதிகம். பிடிப்புக்காக மாறுகிறவர் மட்டும் முன்சக்கரத்திலிருந்து தொடங்கலாம்.

மாறுவது என்று முடிவெடுத்தால், டேப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். டியூப்லெஸ்ஸில் காற்று நிற்கவில்லை என்று வரும் புகார்களில் டேப் சரியாக ஒட்டாததே பெரும்பாலும் காரணம். ரிம்மின் உள் அகலத்தைவிட இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலம் கூடிய டேப்பாகப் பார்த்து வாங்கி, ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, இழுத்துப் பிடித்துக் குமிழி இல்லாமல் ஒட்டுங்கள். வால்வுத் துளையைக் கத்தியால் கிழிக்காமல் கூரான, உருண்டையான எதையாவது வைத்துக் குத்துங்கள். 29 அங்குலத்தில் 2.4 டயருக்கு 90 முதல் 120 மில்லி சீலன்ட், முதல் முறை என்றால் அந்த மேல் அளவே ஊற்றுங்கள், புது டயரின் சுவர் கொஞ்சம் குடித்துவிடும். காற்றேற்றியதும் சக்கரத்தைச் சுற்றிக் குலுக்கி, இரண்டு பக்கமும் மாற்றி மாற்றிப் படுக்க வையுங்கள். பக்கச்சுவரில் ஆங்காங்கே வியர்வை போல ஈரம் கசியும், அது நின்றுவிடும். முதல் சில நாட்கள் காற்று இறங்கிக்கொண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். பக்கத்திலேயே கொஞ்ச தூரம் ஓட்டினால் சீலன்ட் எல்லா இடமும் பரவும். இரவு வைத்த காற்று காலையிலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது என்றான பிறகு மலைப்பக்கம் கிளம்புங்கள். பையில் ரப்பர் திரி, பம்ப், ஒரு டியூப், டயரை ரிம்மிலிருந்து நெம்பிக் கழற்றும் டயர் லீவர் இருக்கட்டும். சீலன்ட் ஊற்றிய தேதியை ஃபோன் காலண்டரில் குறித்து, இரண்டு மாதத்துக்கு அப்பால் ஒரு நினைவூட்டல் வைத்துவிடுங்கள்.